இரண்டு முழத் தூரத்துக் கண்

டப்பாவைத் திறந்தால் பஞ்சின்மேல் அந்தக் கண் படுத்துக்கொண்டு பார்க்கிறது, இரண்டு இமை, நான் ஊசியால் ஒவ்வொன்றாக நட்ட இமைமயிர், கீழே கொஞ்சம் சிலிக்கான் கன்னம், பார்வை மட்டும் மூக்குப் பக்கமாக இம்மி சாய்ந்திருக்கிறது, மூக்கு இல்லை, முகமும் இல்லை, பொற்கொடி டீச்சரின் முகம் இந்நேரம் திருமங்கலத்தில் நாலாம் வகுப்பில் இருக்கும், அல்லது என் நினைவில் இன்னும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது, பல் மருத்துவக் கல்லூரியின் செயற்கை முக உறுப்பு ஆராய்ச்சிப் பிரிவில், நான் பயிற்சி மாணவன், பத்து மணி வெயிலில் அவர் கன்னத்தோடு நிறத்தை ஒட்டிப் பார்க்கிறேன், மாநிறம் என்பது ஒரு நிறமில்லை, அதற்குள் பச்சைகூட இருக்கிறது. கருப்புப் பூஞ்சை வந்து வலது கண்ணைக் குழியோடு எடுத்துவிட்டார்கள் அவருக்கு, ஹெட்மாஸ்டர் ஆபீஸ்ல உக்காந்து ரிஜிஸ்டர் எழுதச் சொல்லிட்டாரு தம்பி, பிள்ளைங்க பயந்துக்குமாம், எனக்குக் கண்ணு வேணாம், கிளாஸ் வேணும், அதுக்குத்தான் வந்தேன் என்றார்.

செயற்கை விழியை மெழுகு அச்சில் பதிக்கிற நாளில் நோயாளி நேராகத் தூரத்தில் பார்க்க வேண்டும், அதற்கென்றே எதிர்ச்சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கிறது, எனக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் எஸ்தர் மேடம் அந்த வாரம் லீவு, நான் பொட்டை மறைத்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன், டீச்சர், என்னைப் பாருங்க என்றேன், பார்த்தார், மூன்று மணி நேரம், என்னை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை, கண்ணை இமைக்கலாமா தம்பி என்று நடுவில் கேட்டார், இமைச்சுக்குங்க டீச்சர் என்றேன், இப்போதும் கனவில் டப்பா அதையே கேட்கிறது, சொல்ல அசிங்கமாக இருக்கிறது, வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் சும்மா மெழுகைச் சீவிக்கொண்டிருந்தேன். இரண்டு முழத் தூரத்தில் இருப்பவனைப் பார்க்கும் கண் மூக்குப் பக்கம் திரும்பும், அதற்கு ஜோடியாகச் செய்ததும் திரும்பித்தான் இருந்தது, என் நாற்காலியிலிருந்து பிழையே தெரியவில்லை, மேடம் வருவதற்குள் மாட்டி அனுப்பிவிட்டேன்.

பத்தாம் நாள் டீச்சர் திரும்பி வந்துவிட்டார், மேடத்திடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கடைசி பெஞ்சு செல்லப்பாண்டி எந்திரிச்சு நிக்கிறான் மேடம், டீச்சர், உங்க ஒரு கண்ணு என்னைய பாக்குது, இன்னொண்ணு முன் பெஞ்சு ரோஸ்லினைப் பாக்குது, பேசுனது நானா அவளாங்கிறான், கிளாஸே சிரிச்சிருச்சு, மறுநாளே என்னைய ஆபீஸுக்கு அனுப்பிட்டாங்க, இதைச் சொன்னபோது சிரிப்பு நின்றிருந்தது. மேடம் நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், ஏம்ப்பா, செவுத்துல பொட்டு எதுக்கு வச்சிருக்கு, திருஷ்டிக்கா, யாரைப் பாக்கச் சொன்ன. டீச்சர்தான் சொன்னார், தம்பியைத்தான் பாத்தேன் மேடம், பாக்கச் சொன்னாங்க, பாத்தேன். அவ்வளவுதான் அது, சொன்ன இடத்தைப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் மேடமே புது மெழுகில் விழியைப் பதிக்கிறார், நான் கருவித்தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறேன், கால் தானாகப் பழைய இடத்துக்கே வந்துவிட்டிருக்கிறது, தம்பி, கொஞ்சம் நகந்துக்கிறீங்களா, பொட்டு மறைக்குது என்கிறார் டீச்சர், நகர்கிறேன், அவருடைய ஒற்றைக் கண் நான் இருந்த இடத்தின் வழியாகச் சுவருக்குப் போகிறது. குப்பைத்தட்டிலிருந்து பழையதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை, படிப்பும் அதோடு நின்றது, அவர் கிளாஸ் எடுக்கிறார் என்று மேடம் ஒருமுறை போனில் சொன்னார், நீ எப்ப வர்ற என்றும் கேட்டார்.

டப்பாவை மேசைமேல் வைத்து இரண்டு முழம் தள்ளி உட்கார்கிறேன், பார்க்கிறது, எத்தனை நாள் பார்க்கும், கையை நீட்டி டப்பாவை ஒரு விரல்கடை திருப்பினேன், அவ்வளவுதான் வேண்டியிருந்தது, கண் என்னைத் தாண்டிப் போய்விட்டது, எனக்குப் பின்னால் வெறும் சுவர், பொட்டுகூட இல்லை.