கடைசி வரியின் நடுவே

எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்குத் துருவி என்றே பெயர். பாட வந்த இடத்திலும் அந்தக் குணம் அவளை விடவில்லை.

அது ஒரு பழைய காதல் பாட்டு. தலைமுறைக்கு ஒரு பதிவாக மூன்று தடவை வெளிவந்து, மூன்று முறையும் சக்கைப்போடு போட்டது. நான்காவது வாய்ப்பு துருவிக்கு. மூன்று பதிவிலும் கடைசி வரியின் நடுவே பாட்டு சட்டென்று நின்று, பிறகு தொடரும். முதலில் பாடிய அம்மாள் வெறுமனே நின்றார். அடுத்தவர் அங்கே விம்மினார். மூன்றாவதாக வந்த இசைக்குழு டிரம்ஸையும் சேர்த்தே நிறுத்தியது. பாட்டின் உயிரே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்று எழுதாத விமர்சகர் இல்லை.

அந்த உயிர் இவளுக்கு மட்டும் பிடிபடவில்லை. காலையிலிருந்து பாடிப் பாடித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"மதியத்துக்குள்ள அந்த நிறுத்தம் சரியா வரலைன்னா வேற ஆளைக் கூப்பிட வேண்டியதுதாம்மா," என்றார் இசையமைப்பாளர். கெட்டவர் இல்லை, அவருக்கு அவசரம். அவளுக்கோ இதுதான் முதல் பெரிய பாட்டு; கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ?

ஏன் நின்றார் என்று முதலில் நின்றவரையே கேட்டுவிட்டால் என்ன? நம்பரைத் தேடிப் பிடித்து, பாடும் அறையிலிருந்தே ஃபோன் போட்டாள்.

"அம்மா, அந்த இடத்துல என்ன நெனச்சு நிறுத்தினீங்க?"

"என்னத்த நெனைக்கிறது? வரி மறந்துபோச்சு!" முதல் பாடகி சிரித்தார். "அப்பல்லாம் வாத்தியக்காரங்க எல்லாரும் கூடவே வாசிப்பாங்க. திரும்ப எடுக்க நேரமில்ல, அப்படியே விட்டுட்டாங்க."

"அப்புறம் மேடையில சரியாப் பாடியிருப்பீங்களே?"

"பாடினேனே! பாட்டைக் கெடுத்துட்டேன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. அப்புறமென்ன, வீட்ல உக்காந்து மறக்குறதுக்குப் பயிற்சி எடுத்தேன்."

துருவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் மனசு கனத்தது. சொந்தப் பாட்டைச் சரியாகப் பாட விடாமலே ஒருவரைக் காலமெல்லாம் கைதட்டிக் கொன்றிருக்கிறார்கள். ஃபோனை வைக்காமல், ஸ்பீக்கரில் போட்டு மைக் அருகே சாய்த்துவிட்டு, இசையை ஓட விடச் சொன்னாள். இசை நின்ற இடத்தில் அவள் நிற்கவில்லை. வரியை ஒரே மூச்சில் பாடி முடித்தாள்.

"நிறுத்தம் எங்கம்மா?" கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து இசையமைப்பாளர் கேட்டார்.

அவள் வாய் திறப்பதற்குள் ஃபோனிலிருந்து குரல் வந்தது. அது மைக் வழியே அவருக்கும் கேட்டது. குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"இன்னொரு தடவை பாடுறியா கண்ணு? அந்த வரியை இன்னொருத்தர் முழுசாப் பாடி நான் கேட்டதே இல்ல."

இசையமைப்பாளர் பதிவுப் பொத்தானை அழுத்தினார்.