பதினான்கு முறை குறை இல்லை

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேலாளர். வரவேற்பு மேசை அக்கா, பேசுவதைக் குறிப்பெடுப்பதற்காக அழைக்கப்பட்டவர். லிஃப்ட் மெக்கானிக், இருபத்திரண்டு வருட வேலையில் விரலிடுக்கில் மசகு நிரந்தரமாகத் தங்கிவிட்டதால் எல்லோருக்கும் கிரீஸ் அண்ணன். அப்புறம் நான், லேப்டாப்போடு.

லிஃப்டுகளைப் பராமரிப்பது எங்கள் கம்பெனி. முந்தின வாரம் ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் தளத்துக்கு ஓரடி மேலே போய் நின்றது. கவனிக்காமல் வெளியே கால் வைத்த பெண்மணிக்குக் கணுக்கால் முறிந்தது. பிரேக் தேய்ந்திருந்ததாம். அந்த லிஃப்டை வாராவாரம் சோதித்தவர் கிரீஸ் அண்ணன். தேய்ந்ததை அவர் முன்பே சொன்னாரா என்பதுதான் கேள்வி. சொல்லவில்லை என்றால் வேலையும் போகும், உரிமமும் போகும்.

"அந்தக் கட்டடத்த மட்டும் பிரிச்சு எடு. குறிப்புக் கட்டத்துல ஒரே வாசகம் எத்தன தடவ வருதுன்னு எண்ணு" என்றார் மேலாளர்.

எண்ணுவதற்கு எக்செலில் சூத்திரம் இருக்கிறது. அடித்ததும் வந்தது. 'பார்த்தது, குறை இல்லை': பதினான்கு. மொத்த வரிகளே பதினான்குதான்.

"பதினாலுக்குப் பதினாலு. எங்க வீட்டுல பரீட்சையில கூட யாரும் இப்படி வாங்கினதில்ல" என்று அக்கா முணுமுணுத்தார்.

"நான் அப்படி எழுதல" என்றார் கிரீஸ் அண்ணன். "மூணாவது வாரத்துலேருந்து பிரேக் தேயுதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். சீட்ட எடுத்துப் பாருங்க."

சீட்டு இல்லை. மெக்கானிக்குகள் கையால் எழுதித் தரும் சோதனைச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபின் மாதக் கடைசியில் கிழித்துப் போடுவது வழக்கம். முந்தாநாள்தான் மாதக் கடைசி. ஏற்றுபவனும் நான், கிழிப்பவனும் நான். அறுபத்து மூன்று கட்டடம், வாரம் ஒரு சீட்டு, கறை படிந்த கையெழுத்து. முதல் சீட்டை ஒழுங்காகப் படித்து அடித்தேன். அதற்குப் பிறகு, அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுவேன். இழுத்த தூரம்வரை அதே வாசகம் நிரம்பும். தேதியை மட்டும் மாற்றுவேன்.

சொல்லிவிட்டேன். "சார், அது அவர் எழுதினது இல்ல. நான் இழுத்துவிட்டது."

மேலாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மத்த கட்டடம்?"

"எல்லாமே அப்படித்தான் சார்."

"அப்ப அறுபத்தி மூணு இடத்துக்கும் நாம குடுத்த அறிக்கை பொய். அது வெளிய போனா நாளைக்கு இந்த ஆபீஸத் தொறக்க வேண்டியதே இல்ல." அக்காவின் பக்கம் திரும்பினார். "இவன் பேசினத எழுதாதீங்க."

"எழுதிட்டேனே சார்."

"அடிங்க."

அக்கா ஒரு கோடு போட்டார். அது போதாது என்று மேலாளர் விரலை ஆட்டவும், மேலும் இரண்டு கோடு. என்ன செய்வதென்று தெரியாமல் நான் மறுபடியும் எண்ணினேன். பதினான்கு. எனக்கு மேசையைப் புரட்டிப் போட வேண்டும்போல் இருந்தது. ஆனால் மேசைமேல் லேப்டாப் இருந்தது, அதன் விலை எனக்குத் தெரியும்.

தேய்ந்ததைச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்ளும் தாளை மேலாளர் நீட்ட, கிரீஸ் அண்ணன் கையெழுத்துப் போட மறுத்தார். கருவிப் பையை மட்டும் நாற்காலியில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஆஸ்பத்திரி லிஃப்டப் பத்தி எழுதினதையாவது படிச்சியா தம்பி?"

"இல்லண்ணே."

"அதுலயும் பிரேக்தான். ஸ்ட்ரெச்சர் போற லிஃப்ட்."

"போதும்யா, கிளம்பு" என்றார் மேலாளர்.

கிரீஸ் அண்ணன் வெளியே நடந்தார். நான் ஆஸ்பத்திரியின் வரிகளைப் பிரித்து எடுத்தேன். பார்த்தது, குறை இல்லை. பார்த்தது, குறை இல்லை. "சார்" என்றேன். மேலாளர் என்னைப் பார்க்காமல் அக்காவுக்கு ஜாடை காட்டினார். அக்கா எழுந்துபோய், கிரீஸ் அண்ணன் படியிறங்கி முடிப்பதற்குள் கதவை உள்பக்கமாகச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.