சாம்பியனின் இடது கால்

“மீனாச்சி, கலிபோர்னியா சாம்பியன் பட்டமே இப்ப என்ற அரணாக்கவுத்துலதான் தொங்குது!”

ஃபிரைஸ் வாங்கித் திரும்பிய மீனாக்ஷி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அதப் பாடையில ஏத்தறப்பதானுங்க அறுப்பாங்க. உசுரோட ஆராச்சும் அவுப்பாங்களாக்கும்? பேசாம இதத் தின்னுங்க.”

கிட்டுசாமி பீளமேட்டில் முப்பத்தெட்டு வருடம் பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டியவர். 2004 கோடையில் கலிபோர்னியாவின் டப்ளினுக்கு மகள் வீட்டுக்கு வந்தவரை, மாப்பிள்ளை ஒரு வெள்ளிக்கிழமை இந்த ஸ்பீட்வே பந்தயத்துக்குக் கூட்டி வந்தார். மண் தடத்தில் மோட்டார் பைக்கில் நாலு பேர், நாலு சுற்று. வண்டிக்கு பிரேக்கே கிடையாது. வளைவில் இடது காலில் கட்டிய இரும்புச் செருப்பை மண்ணில் தேய்த்தபடி வழுக்கிக்கொண்டே திரும்ப வேண்டும். எஞ்சினில் ஊற்றுவதோ விளக்கெண்ணெய். அந்த வாசம் ஏறியதும் கிட்டுசாமிக்குப் பூமி ஒரு சாண் கீழே இறங்கியது. பிறகு ஒரு வெள்ளியும் தவறவில்லை.

அவருடைய ஆள் வெஸ்லி. இருபத்திரண்டு வருடம் ஓட்டியவன், மூன்று முறை சாம்பியன், உடம்பில் எலும்பைவிட ஸ்க்ரூ அதிகம். இன்றோடு ஓய்வு என்று அறிவித்துவிட்டான். இந்தக் கடைசி ஓட்டம் ஜெயித்தால் நாலாவது பட்டம். அந்த நேரம் பார்த்து இரும்புச் செருப்பின் வார் அறுந்தது. இரண்டு நிமிடத்தில் புறப்படும் கோட்டுக்கு வராவிட்டால் ஆட்டத்திலேயே இல்லை. டேப் சுற்றினார்கள், எண்ணெயில் வழுக்கியது. செருப்பைக் கையில் பிடித்தபடி வெஸ்லி பள்ளிக்கூடத்துக்கு வழி தொலைத்த பிள்ளைபோல நின்றான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற கிட்டுசாமி சட்டையைத் தூக்கி அரைஞாண் கயிற்றை அவிழ்த்தார். “வெயிட் தம்பி!” வேலி இடுக்கில் கைவிட்டுச் செருப்பைக் காலோடு கட்டி, காயிலை இறுக்கும் முடிச்சு மூன்று போட்டார். ஆழியாறு அணையையே கட்டி நிறுத்தும் முடிச்சு.

மீனாக்ஷி அப்போது ஃபிரைஸ் வரிசையில் இருந்தாள்.

வண்டிகள் சீறின. ஓட்டம் ஒரு நிமிடம்தான். கிட்டுசாமிக்கு அதில் ஒரு ஆடி மாதம் முழுசாகப் போய்வந்தது. சாயங்கால வெயிலில் செம்மண் பொன்னாக எழுந்து அப்படியே நின்றது. சத்தம் எங்கோ போய்விட்டது. மூன்றாவதாக வந்த வெஸ்லி கடைசி வளைவில் வெளிப்பக்கம் சாய்ந்தான். விழவுமில்லை, ஓடவுமில்லை, மிதந்தான். இரும்பு மண்ணில் தேய, ஒருவனைக் கடந்து, இன்னொருவனையும் கடந்து, கோட்டைத் தாண்டினான்.

“பாத்தியா என்ற கவுற!”

“ஆமா, நீங்கதான் ஓட்டுனீங்க.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோப்பையோடு வெஸ்லி நொண்டி வந்தான். இடது காலை அவர்கள் பெஞ்சில் தூக்கி வைத்தான்.

“சார், ஐ கான்ட் கெட் திஸ் ஆஃப்.”

மீனாக்ஷி குனிந்தாள். மண் அப்பிய கறுப்புக் கயிற்றில் ஏதோ ஆடியது. புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

“ஏனுங்க... நெசமாவே உங்க அரணாக்கவுறுதானுங்க.” அவள் குரல் இறங்கியிருந்தது. “இது நம்மூட்டு பீரோ சாவி.”

வெஸ்லியின் கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தில் சாவி இரும்பின்மேல் மெல்ல மெல்லத் தட்டியது.