கீபோர்டுக்காரனின் கை

1

இந்தக் கதை எனக்குப் பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்தில் கிடைத்தது. முன் இருக்கையில் இரண்டு பயிற்சி மருத்துவர்கள். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றாமல் பஸ் ஏறும் வயது. “உன் கை மெதுடா. நீ சர்ஜரி எடுத்தா, தையல் போட்டு முடிக்கிறதுக்குள்ள பேஷன்ட்டுக்குக் காயமே ஆறிடும்” என்றான் ஒருவன். மற்றவனும் சேர்ந்து சிரித்தான். அந்த இரண்டாவது சிரிப்பு சரியில்லை என்று எனக்குப் பட்டது. மீதி எல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: ‘காவிரியில் தண்ணீர் வந்த அந்த ஆடியில், இளவழகன்—’

(அடித்துவிட்டேன். தஞ்சாவூர்க் கதை என்றால் முதல் வரியிலேயே மதகைத் திறக்க வேண்டுமா? இவர்கள் ஐந்து வருடமாக விடுதி அறையின் ஜன்னலைக்கூடத் திறந்ததில்லை.)

இரண்டாவது தொடக்கம்: 2008. ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆண்கள் விடுதி. ஜெரால்டின் அறையில் ஒரு கம்ப்யூட்டர், அதில் ஒரு கால்பந்து விளையாட்டு. குவைத்திலிருந்து அவன் சித்தப்பா கொண்டுவந்த ஜாய்ஸ்டிக் ஒன்று. ஒன்றே ஒன்று. ஆகவே விதி தானாக உருவானது: ஜாய்ஸ்டிக் ஜெரால்டுக்கு, கீபோர்டு அவனோடு படிக்கும் இளவழகனுக்கு. ஐந்து வருடமும் ஜெரால்டே ஜெயித்தான். இளவழகனின் கை மெது என்ற செய்தி வார்டு வரைக்கும் பரவியது. எதற்கும் ஆதாரம் கேட்கிற படிப்பு அது. இதற்கு மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஜெரால்டு தாராளமானவன். “ரெண்டு கோல் முன்னாடியே வச்சுக்கடா மாப்ள” என்பான். அந்தச் சலுகைக்கு விடுதியில் ‘கோட்டா’ என்று பெயர். ஜாய்ஸ்டிக்குக்கு அப்படிப் பெயர் எதுவும் இல்லை.*

* ஜெரால்டும் இட ஒதுக்கீட்டில் சேர்ந்தவன்தான். அவனுக்கு அது ஞாபகம் இருப்பதில்லை.

3

இளவழகனின் அம்மா காத்தாயி நடவு நட்டவள். அந்த வேகமான கையை எடுத்து மகனின் விரல்களில் ஒட்டிவிட எனக்கு ஆசை வந்தது. விட்டுவிட்டேன். அவன் கண்விழித்துப் படித்ததை நான் ஏன் நாற்றங்காலில் கொண்டுபோய் வைக்க வேண்டும்?

அவனுக்கு வேண்டியது சர்ஜரி. வியாழக்கிழமை மேற்படிப்புக் கலந்தாய்வு; ரேங்க் இருக்கிறது. ஆனால் ஊசியை எடுக்கும்போதெல்லாம் ஜெரால்டின் குரல் கேட்கிறது. செவ்வாய் மதியம் அவன் அறைக்கே போனான்.

“இன்னிக்கு ஒரு மேட்ச் ஜாய்ஸ்டிக் எனக்கு.”

“எதுக்குடா?”

“கையைப் பாக்கணும்.”

“நல்ல டாக்டரா பாத்துக் காட்டு” என்று சிரித்தபடி நீட்டினான் ஜெரால்டு.

4

முடிவு ஒன்று: இளவழகன் ஐந்து கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கிறான். (இது நான் அவனுக்குத் தரும் கோட்டா.)

முடிவு இரண்டு: கரண்ட் போய்விடுகிறது. (வேறு வழி தெரியாதபோது விளக்கை அணைப்பது எங்கள் தொழிலின் பழைய தந்திரம்.)

நடந்தது, அதாவது நான் நடக்கவிட்டது, இது: இருவருமே கேவலமாக ஆடினார்கள். இளவழகனின் கட்டைவிரல்களுக்கு ஜாய்ஸ்டிக் பிடிபடவில்லை. கீபோர்டுக்கு மாறிய ஜெரால்டின் ஆட்டக்காரன் பந்தை விட்டுவிட்டு மூலைக் கொடியை நோக்கி ஓடினான்.

“இதுல எப்படிடா ஆடுறது? மனுஷன் ஆடுவானா?”

“அஞ்சு வருஷமா ஆடுறேன்.”

ஜெரால்டு கொஞ்ச நேரம் கீபோர்டையே பார்த்தான். “ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்ல?”

‘நீ கொடுத்திருக்கலாம்’ என்று இளவழகன் சொல்லவில்லை. தான் ஏன் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கேட்டு வாங்கி, அதிலும் தோற்றிருந்தால்? தோற்பதற்கு ஒரு காரணம் கையிலேயே இருந்தது நல்ல வசதியாகத்தான் இருந்திருக்கிறது.

ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

5

வியாழன். சென்னை. கலந்தாய்வு அரங்கின் திரையில் மீதமிருக்கும் இடங்கள்: சர்ஜரி ஒன்று, பொது மருத்துவம் மூன்று.

“சொல்லுங்க டாக்டர், பின்னாடி நிக்கிறாங்க” என்கிறார் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்.

கை மெது என்பதற்கு இருந்த ஆதாரம் போய்விட்டது. வேகம் என்பதற்கு இன்னும் ஆதாரம் வரவில்லை. இளவழகன் வாயைத் திறக்கிறான்.

நான் இங்கே நிறுத்துகிறேன். எனக்கு அவன்மேல் பிரியம் அதிகம். நான் சொன்னால் செல்லாது. உங்களைப் பற்றி யாரோ சிரித்துக்கொண்டே சொன்னதை நீங்கள் எத்தனை வருடம் நம்பினீர்கள்? அவன் இடத்தில் இப்போது நிற்பது நீங்கள்தான். சீக்கிரம் சொல்லுங்கள். வரிசை நீளமாக இருக்கிறது.