என் கெண்டியில் உன் தேயிலையா?

நான் முக்கியமா, செம்மண் தேநீர்க் கெண்டி முக்கியமா என்று என் வீட்டுக்காரர் சூங்கிடம் கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். உள்ளங்கையில் அடங்குகிற கெண்டி அது. அதற்குள் சோப்பு படக்கூடாது, துணி படக்கூடாது, வேறு தேயிலை படவே கூடாது. ஊற்றி ஊற்றி உள்ளே கறை ஏற வேண்டுமாம், மணமே அந்தக் கறையில்தான் இருக்கிறதாம். என் சட்டியில் கறை இருந்தால் மட்டும் வீடு இரண்டாகும்.

சீனத்தில் எங்கள் ஊரான சாவ்சோவில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் தேநீர்த் தட்டில் மூன்று கோப்பைதான். எங்கள் வீட்டில் ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு, மூன்றாவது கெங்குக்கு. கெங் ஆற்றங்கரையில் குடை ரிப்பேர் கடை வைத்திருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனிக்கட்டை. கடையில் இருந்ததைவிட எங்கள் வீட்டில் இருந்ததுதான் அதிகம். இவரும் அவரும் ஒரே நாளில், ஒரே குயவரிடம், அச்சு அசலாக ஒரே மாதிரி கெண்டி வாங்கியவர்கள். இவருடையதில் பூ மணக்கும் மலைத் தேயிலை மட்டும். கெங்கினுடையதில் கரியடுப்பில் கருக வறுத்த தேயிலை மட்டும்.

நிலாப் பண்டிகைக்கு கெங் தன் கெண்டியோடு வந்தார். இரண்டு கெண்டிகளையும் ஒரே பேசினில் போட்டு வெந்நீர் ஊற்றிச் சூடாக்கினார்கள். சிரித்தார்கள், குடித்தார்கள், பிரிந்தார்கள். மறுநாள் காலை இவர் தன் கெண்டியை மோந்து பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"கரி நாத்தம்டி! அந்தக் கெங் என் கெண்டியில அவன் தேயிலையப் போட்டிருக்கான்!"

சொல்லி வாய் மூடவில்லை, கெங் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, என் கெண்டியில பூ வாசனை அடிக்குது. உங்க சென்ட்டுத் தேயிலைய அதுல போட்டீங்களா?"

"எதுடா சென்ட்டு? கரிக்கட்டையக் கரைச்சுக் குடிக்கிற நாக்குக்கு இதெல்லாம் தெரியுமா?"

நான் கறி உருண்டைக் கடை வைத்திருக்கிறவள். நாள் முழுக்கக் கறியை இரும்புக் கழியால் அடிக்கிற எனக்கே அன்றைய சத்தத்தில் காது அடைத்தது. கெங் எங்கள் வாசல் மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு இவர் தேநீர் போடுகிற அழகு இருக்கிறதே! ஊற்றும்போது மூடி ஆடி, ஓரமெல்லாம் வழியும். ஆனாலும் மூன்று கோப்பையும் நிரப்புவார். மூன்றாவது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தட்டில் அழகுக்கு வைத்திருக்கும் மண் தவளையின் தலையில் ஊற்றுவார். "இதாவது நன்றியோட குடிக்குது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், பாவமாகவும் இருக்கும்.

அப்போதுதான் சேதி வந்தது. கெங் கடையை மூடிவிட்டு, தூரத்து ஷென்ஜென் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கே போகிறாராம். மறுநாள் காலை பஸ்.

"போகட்டும், எனக்கென்ன?" என்றார் இவர். கஞ்சியைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் குடையெல்லாம் என்னடி பண்ணினான்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

இனி இவர்களை நம்பிப் பிரயோஜனமில்லை என்று, ஒரு ஜாடி முள்ளங்கி ஊறுகாயை எடுத்துக்கொண்டு நானே கெங் வீட்டுக்குப் போனேன். மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் எனக்குத் தேநீர் போட்டார். அங்கேயும் மூடி ஆடியது, தேநீர் மேசையெல்லாம் வழிந்தது.

"அண்ணன் கண்ணு பட்டுருச்சு அண்ணி. அன்னியிலிருந்து இப்படித்தான் ஒழுகுது."

வெந்நீர் எடுத்துவர அவர் உள்ளே போனபோது மூடியை எடுத்து மோந்து பார்த்தேன். பூ வாசனை. என் வீட்டு வாசனை! அட கூறுகெட்டவர்களா, கெண்டியில் ஒரு குறையும் இல்லை, பேசினில் மூடிதான் மாறியிருக்கிறது!

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், 'அவன் வந்து கேட்கட்டும்' என்று இவரும், 'அவர் வந்து கேட்கட்டும்' என்று அவரும் பஸ் புறப்படும்வரை மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பார்கள். மூடியை மடியில் போட்டுக்கொண்டு, வெந்நீருக்குக் காத்திராமல் நடையைக் கட்டினேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கெங் மூச்சிரைக்க ஓடி வந்தார், கையில் மொட்டைக் கெண்டி.

"அண்ணே, அண்ணி என் மூடியத் திருடிட்டு வந்துட்டாங்க!"

இவர் அப்போதுதான் மூன்று கோப்பையும் ஊற்றி வைத்திருந்தார். "யாருடா திருடி? என் பொண்டாட்டியையா சொல்றே?"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க!" என்றேன். இவர் கெண்டியின் மூடியை எடுத்துவிட்டு, மடியிலிருந்ததை வைத்தேன். கையால் வனைந்த கெண்டிக்கு அதனதன் மூடிதானே பொருந்தும், டக்கென்று உட்கார்ந்தது. மூடியின் துளையை விரலால் அடைத்துச் சாய்த்தேன். அடியில் தேநீர் மிச்சமிருந்தும், காற்றுப் புக வழியில்லாமல் ஒரு சொட்டு விழவில்லை. எடுத்த மூடியைக் கெங்கின் கெண்டியில் வைத்தேன். அதுவும் டக்.

இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை, தவளையைப் பார்த்தார்கள்.

பிறகு இவர் கெண்டியிலிருந்த இலைகளை வழித்துக் கொட்டினார். புதிய இலை போட்டு, விசிறியை எடுத்து, தட்டருகே இருந்த சின்ன அடுப்பை விசிறினார். வந்த விருந்தாளிக்குப் பழைய இலையில் ஊற்றுவது எங்கள் ஊரில் அவமரியாதை. என் வீட்டுக்காரருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, பழைய இலையைக் கொட்டத் தெரியும். கெங்குக்கும் அது போதும்.

"எடுடா."

"நீங்க எடுங்க அண்ணே."

"எடுன்னா எடு, ஆறிடும்."

கெங் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். "அங்க எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க அண்ணே. மூணு கோப்பை ஊத்தினா மிச்ச ரெண்டை யார் குடிப்பா?" என்றார். அவர் குரல் உடைந்துவிட்டது. இவர் நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை மறுபடியும் விசிறினார். கெங்கின் கெண்டியை நான் கட்டித் தருகிறேன் என்று இரண்டு கெண்டிகளையும் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கெங் போன மறுநாள் போன் அடித்தது. அவர் போட்ட கத்தல் எனக்கே கேட்டது.

"அண்ணே! மறுபடியும் பூ வாசனை! என் மூடிய மாத்திட்டீங்க!"

"நானா? இங்க கரி நாறுதுடா, திருட்டுப் பயலே! மரியாதையா பஸ் ஏறி வந்து என் மூடியக் குடு!"

"வர்றேன், வர்றேன். அடுத்த வாட்டி நீங்கதான் இங்க வரணும்!"

போனை வைத்தவருக்கு முகமெல்லாம் பல். "ஞாயித்துக்கிழமை வர்றான்டி. ஏமாத்துக்காரன், எப்ப மாத்தினான்னே தெரியல!"

"அப்படியா?" என்று கேட்டுவிட்டு, தவளைக்குப் போகவிருந்த மூன்றாவது கோப்பையை எடுத்து நானே குடித்தேன். கரி மணம் கொஞ்சம் தூக்கல்தான்.