காலடிச் சத்தத்தில் வந்த தோழி

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிறகு சித்தி என்னைத் தன்னோடு நாடக அரங்குக்குக் கூட்டிப்போனாள். மேடைக்குக் கீழே உடை அறை. சித்தி கிழிசல் தைப்பாள், நான் இஸ்திரி போடுவேன். மேடையில் நடப்பதெல்லாம் சுவரில் இருந்த ஸ்பீக்கரில் கேட்கும், பார்க்க முடியாது.

அந்த வருடம் ஓடியது ஒரு பாட்டு நாடகம். வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காராத ஒரு பெண்ணின் கதை. நாற்பது நாள் கேட்டுக் கேட்டு, அதை நாவலாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். சித்திக்குத் தெரியாது.

கடைசிப் பாட்டு முடிந்ததும் பேச்சே இருக்காது. காலடிச் சத்தம் வரும். பெஞ்சு நகரும். பிறகு அமைதி. யாரோ வந்து அவள் பக்கத்தில் உட்கார்கிறாள் என்று எழுதினேன். வந்தவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தேன். இருபத்திரண்டு பக்கம் ஓயாமல் பேசினாள். அப்படி ஒருத்தி வந்திருந்தால் நான் பள்ளியை விட்டிருக்க மாட்டேன்.

நாடகத்தின் கடைசி நாளில் சித்தி இஸ்திரிப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கினாள்.

"மேல போய் உட்கார்ந்து பாரு. எத்தனை நாள்தான் எலி மாதிரி இங்கயே கிடப்ப?"

"நீ வரலையா சித்தி?"

"எனக்கெதுக்கு? எந்தப் பாட்டுல எவன் பட்டன் தெறிக்கும்னு மனப்பாடம்."

பின் வரிசையில் உட்கார்ந்தேன். கடைசிப் பாட்டு முடிந்து விளக்கு மங்கியது. கறுப்புச் சட்டை போட்ட மேடை வேலையாட்கள் இரண்டு பேர் வந்தார்கள். அந்தப் பெண்ணைச் சுற்றியிருந்த பெஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்பது நாளாக நான் கேட்டது அவர்களுடைய காலடி. அவளுடைய பெஞ்சு மட்டும் மிச்சம். அதன் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். திரை விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"எப்படிடி இருந்துச்சு?" என்றாள் சித்தி.

"நல்லா இருந்துச்சு."

"கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"வெளிச்சம் ஜாஸ்தி."

"கடைசி வரிசைக்கு மட்டும் தனியா விளக்குப் போட்டாங்களாக்கும்."

அவள் உடைகளை ஒப்படைக்கப் போனதும் நோட்டை எடுத்தேன். கதை அந்தப் பெண்ணுடையது. அவளுக்குக் கிடைக்காத ஒருத்தியை நான் மட்டும் எப்படி வைத்துக்கொள்வது? வாயாடி பேசிய வரிகளை எல்லாம் அடித்தேன். பிறகு படித்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் பதில்கள் மட்டும் நின்றன.

'ம், நானும்தான்.'

'நாளைக்கும் இங்கயே உட்காருவியா?'

'சரி, இடம் பிடிச்சு வைக்கிறேன்.'

அவற்றையும் அடிக்கப் பேனாவை வைத்தேன். கை ஓடவில்லை.