பேசாத வழிகாட்டி

கார் சாமான் கடைக்காரர் மூன்று வழிகாட்டிக் கருவிகளைக் கண்ணாடி மேசைமேல் வரிசையாக எடுத்து வைத்தார். சின்னது, நடுத்தரம், பெரியது. கடை முழுக்கப் புது சீட் உறைகளின் ரப்பர் வாடை. நர்ஸ் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருப்பவர்களைத் தேடிப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றிவிடுவது அவள் வேலை. அரை மணியில் அடுத்த வீட்டில் இருக்க வேண்டும்.

“போன்லயே மேப் வருமேம்மா. இதுக்குன்னு தனியா எதுக்குச் செலவு பண்றீங்க?” என்றார் கடைக்காரர். தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு நல்ல மனிதர்.

“போன்ல எங்க வீட்டுக்காரர் இருப்பாரு,” என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. விளக்கிக்கொண்டிருக்க அவளுக்கும் நேரமில்லை.

அவள் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருடம் டாக்சி ஓட்டியவர். சக டிரைவர்கள் அவரை ‘மேப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சந்து எந்தத் தெருவில் போய் முட்டும், எந்த சிக்னலில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டிவரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மூன்று வருடத்துக்கு முன்னால் கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வெளிச்சம் எது இருட்டு எது என்பது மட்டும் மிஞ்சியது. அதன் பிறகு ஆறு மாதம் மனிதர் வாயே திறக்கவில்லை. சவரம் செய்துகொள்ளச் சொன்னால் “யார் பாக்கப் போறா?” என்பார். அவள் இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஏதோ ஒரு தெருவில் திக்குத் தெரியாமல் மாட்டிக்கொண்டு, அழாத குறையாக அவரைக் கூப்பிட்டாள். “முன்னாடி என்ன தெரியுது சொல்லு,” என்றார். சொன்னாள். ஏழே நிமிடத்தில் நோயாளி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அன்று சாயங்காலம் அவர் தானாகவே தடவித் தடவிச் சவரம் செய்துகொண்டிருந்தார். தாடையில் இரண்டு இடத்தில் வெட்டு. அவளுக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. காலை எட்டு மணிக்கு அவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, ஜன்னலோர மேசையில் போனை வைத்து உட்கார்ந்துவிடுவார். அலுவலகம் போகிறவரைப் போலத்தான். அவள் காரில் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு போவாள்.

ஆனால் ஊர் அவர் தலைக்குள் இருந்தபடியே நின்றுவிடவில்லை. ஒருவழிப் பாதைகள் வந்தன. ரவுண்டானா இருந்த இடத்தில் மேம்பாலம் முளைத்தது. போன வாரம் அவர் சொன்ன பாலத்துக்குப் போனால் தகரம் அடித்து மூடி வைத்திருக்கிறார்கள். காலில் புண்ணோடு ஒரு பெரியவர் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தார். அவர் மகள் போட்ட புகாரில் மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டு, “இது மூணாவது தடவை. இன்னொரு தடவை லேட்டானா உங்க ஏரியாவை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன், நான் என்ன பண்றது சொல்லுங்க?” என்றாள். வீட்டில் அவள் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிராபிக் என்றாள். வேலை போனால் சாப்பாட்டுக்கே திண்டாட்டமாகிவிடும். அவரிடம் இனி வழி கேட்பதில்லை என்றால், அந்த இஸ்திரிச் சட்டைக்கு என்ன வேலை?

கடைக்காரர் விவரம் சொல்லத் தொடங்கினார். பெரியதில் ஏழு அங்குலத் திரை, நெரிசலை உடனுக்குடன் காட்டும். விலையைக் கேட்டதும் அவள் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். சின்னது அவள் எடுத்து வந்த பணத்துக்குள் சரியாக அடங்கியது.

“இதுல குரலை நிறுத்தி வைக்கலாமா?”

“நிறுத்தலாம். ஆனா ஒவ்வொரு தடவை வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போதும் வணக்கம் சொல்லும். அதை ஒண்ணும் பண்ண முடியாது.”

“நடுவுல இருக்கிறது?”

“அது நீங்களா தட்டினாத்தான் பேசும். ஒருவழிப் பாதையெல்லாம் காட்டும், புது ரோடும் இலவசமா ஏறிக்கும்.” கொஞ்சம் தயங்கினார். “எல்லாரும் நல்லாப் பேசுறதா கேப்பாங்க. நீங்க பேசாம இருக்கிறதுக்குக் கூடுதலா கொடுக்கிறீங்களே?”

கார் டயருக்கென்று தனியாக வைத்திருந்ததையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டு நாள் எல்லாம் அமோகமாகப் போனது. போனில் அவர் வழி சொல்வார், அவள் “ம்” கொட்டுவாள், வண்டி திரையில் தெரிந்த அம்புக்குறியின் பின்னால் போகும். எல்லா வீட்டுக்கும் நேரத்துக்குப் போனாள். “பாத்தியா, நான் சொன்ன குறுக்கு வழி!” என்று அவர் பூரித்துப் போனார். ராத்திரி ஒரு கை கூடுதலாகச் சாப்பிட்டார். அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை. “அச்சாபீஸ் தாண்டினதும் இடது பக்கம் ஒடி,” என்றார். இடது பக்கத் தெருவை நுழையக் கூடாது என்று திரை சிவப்பில் காட்டியது. அவள் நேராகப் போனாள்.

“திரும்பிட்டியா?”

“திரும்பிட்டேங்க.”



“இண்டிகேட்டர் சத்தமே கேக்கலையேம்மா.”

வண்டியை ஓரங்கட்டினாள். இத்தனை வருடமாக அவர் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“என்ன வாங்கி வச்சிருக்க?” என்றார் அவர். குரலில் கோபமில்லை. “மூணு நாளா நீ ‘அப்புறம் எங்க?’ன்னு ஒரு தடவைகூடக் கேக்கல.”

சொன்னாள். பாலம், புகார், மேற்பார்வையாளர் அம்மா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

“சரி, அது ஏன் பேச மாட்டேங்குது?”

“நான்தான் வாயைக் கட்டி வச்சிருக்கேன்.”

அவர் சிரித்த மாதிரியும் இருந்தது, தொண்டையைச் செருமிய மாதிரியும் இருந்தது. “அவுத்து விடு. என்னதான் சொல்லுதுன்னு கேப்போம்.”

திரையைத் தட்டினாள். விறைப்பான ஒரு பெண் குரல், முந்நூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும் என்றது.

“வலப்புறமா? அங்க மில்லுச் சுவருல்ல இருக்கும்?”

“இல்லீங்க. புது ரோடுன்னு காட்டுது.”

“எப்ப போட்டாங்க?”

“தெரியல. நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல.”

“மில்லையே இடிச்சுட்டாங்களா...” அவர் இழுத்தார். பிறகு அவர் மேசைமேல் விரலால் ஏதோ கோடு இழுப்பது லேசாகக் கேட்டது. “முந்நூறு மீட்டர். வலது. சரி, கிளம்பு. கட்டு மாத்தக் காத்துக்கிட்டிருப்பாங்க. மெதுவா போ, ரெண்டு பக்கமும் என்ன இருக்குன்னு சொல்லிக்கிட்டே போ.”

அவள் கிளம்பினாள். சாவி செய்கிற கடை, தையல் கடை, பூட்டிக் கிடக்கும் ஒரு ஷட்டர், சுவரில்லாத காலி மனை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றுக்கும் அவர் “ம்” கொட்டினார். திருப்பம் இன்னும் தூரத்தில் இருந்தது. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. அவள் இண்டிகேட்டரைப் போட்டாள். அது அந்த வெறும் சாலையில் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே வந்தது.